கூடுதல் உருவம்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் இனிய நினைவுகளை எழுதித் தர வேண்டுமாம். "மேடம், நீங்கதான் நம்ம மாவட்டத்தோட கடைசி ஓவியர். உங்களுக்கு அப்புறம் அந்த போஸ்டே இல்ல. அவசியம் எழுதித் தாங்க" என்றாள். நல்ல பெண். என் பதவியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் படம் செய்ய அவளை ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்குக் குரும்பலூர் போனேன். பஸ் ஸ்டாப்பில் அவள் செய்த பேனர் தொங்கியது. பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது எப்படிப் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லும் பேனர். ஒரே ஒரு ஆள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு நீல உறை, முட்டி வரைக்கும் பூட்ஸ். நம் ஊர் வெயிலில் அத்தனையும் மாட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறான். பின்னால் எந்த நாட்டு மலையோ, பச்சைப் பசேலென்று. படத்தில் அவனைத் தவிர யாரும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கல்யாணச் சாப்பாடு இறங்கவில்லை. இனிய நினைவு வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளட்டும். என்னிடம் இருப்பது இதுதான்.

என் பெயர் ஆரோக்கியமேரி. ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரி. அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். திருவிழாவுக்கு வண்டி வண்டியாக வரும் சனங்களுக்கு வழிகாட்டிப் பலகை எழுதுவதில் ஆரம்பித்தது என் பிரஷ் பிடிக்கும் கை. கும்பகோணத்தில் ஓவியம் படித்து, தேர்வெழுதி, அரசாங்கச் சுகாதாரத் துறையில் சுவர்ப்படம் எழுதும் வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. அரியலூரில் சில வருஷம், மிச்சமெல்லாம் பெரம்பலூரில். பொம்பளை ஏணியில் ஏறிச் சுவரில் எழுதுவதை வேடிக்கை பார்க்க முதல் வருஷம் கூட்டம் கூடியது. இரண்டாவது வருஷம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் வேலையே ஓடியது.

சுவர்ப்படம் என்றால் சும்மா பிரஷ்ஷைத் தோய்த்து இழுத்துவிடுவதில்லை. கம்பி பிரஷ்ஷால் பாசியையும் பழைய போஸ்டரையும் சுரண்ட வேண்டும். பசை கலந்த சுண்ணாம்பு இரண்டு பூச்சு. அது காய்ந்த பிறகு நீலத்தூளில் தோய்த்த நூலை ஒரு முனையில் நானும் மறுமுனையில் டிரைவர் இப்ராஹிம் பாயும் பிடித்துக்கொண்டு, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் கோடு விழும். நெடுக்கே ஒரு அடிக்கு ஒன்று, குறுக்கே ஒரு அடிக்கு ஒன்று. கையில் இருக்கும் தாளிலும் அதே கணக்கில் சின்னக் கட்டங்கள். தாளில் மூக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ சுவரிலும் அதே கட்டத்தில் மூக்கு. பாய் முப்பது வருஷம் நூல் பிடித்துப் பிடித்து, "அல்லா புண்ணியத்துல நானும் பாதி ஓவியர்தான் மேடம்" என்பார். பாதி இல்லை, முக்கால்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலை அட்டை காட்டுவது. எனக்கு ஆரம்பத்தில் பயிற்சி கொடுத்த ஒரு டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தது. சுவரில் போடப் போகும் படத்தை முதலில் அட்டையில் வரைந்து, ஊருக்குள் எடுத்துக்கொண்டு போய்ப் பத்துப் பேரிடம் காட்ட வேண்டும். "இதுல என்ன நடக்குது?" என்று மட்டும் கேட்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. அவர்கள் தப்பாகச் சொன்னால் தப்பு படத்தில் இருக்கிறது. ஒருதடவை கை கழுவும் படத்தில் குழாய் வரைந்து காட்டினேன். அந்த ஊரில் அப்போது அடிபம்புதான். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, "நல்லாருக்குங்க, இது டவுன்காரங்களுக்குங்களா?" என்றார்கள். குழாயை அழித்து அடிபம்பு வரைந்த பிறகுதான் அது அவர்களுக்கான படமானது. படத்தில் தன்னைப் பார்க்காதவர் அது தனக்கில்லை என்று மரியாதையாக ஒதுங்கிவிடுவார். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. மறக்க ஒரே ஒரு மேலதிகாரி போதுமாக இருந்தார்.

சம்பந்தம் சார் எங்களுக்குக் கண்காணிப்பாளராக வந்தார். அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் அவரிடம் இருந்த குறை. பைசா லஞ்சம் வாங்க மாட்டார். மணி ஒன்பதே முக்காலுக்கு நாற்காலியில் இருப்பார். யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும். ஆய்வுக்கு வந்தால் படத்தைப் பார்க்க மாட்டார். ஸ்கேலை எடுத்துத் துறையின் பெயர் ஆறு அங்குலம் இருக்கிறதா, வாசகம் நாலு அங்குலம் இருக்கிறதா என்று அளப்பார். அரை அங்குலம் குறைந்தால், "ஆரோக்கியமேரி, அரை அங்குலம்" என்று மட்டும் சொல்வார். மறுநாள் நாம் போய் அழித்து எழுத வேண்டும்.

அவர் வந்த முதல் வாரமே அட்டை காட்டுவதை நிறுத்தினார். "படம் மேலேர்ந்து அப்ரூவ் ஆகி வருது. அதை நீங்க ஊர்ல போய் மறுபடி அப்ரூவ் வாங்கணுமா?" என்றார். அவர் கேட்ட விதத்தில் அது நியாயமாகத்தான் தோன்றியது. நானும் தலையாட்டினேன். அலைச்சல் மிச்சம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன் என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது.

அந்த வருஷம் பருத்தியில் காய்ப்புழு அதிகம். மருந்தடித்து மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனதால், மேலேயிருந்து ஒரு படம் வந்தது. நாலு கட்டம். நடுவில் முதுகில் டேங்க் மாட்டிய ஒரே ஆள், சுற்றிலும் கட்டங்களில் வாசகமும் பொருளும் மட்டும். மூக்கைத் துண்டால் கட்டிக்கொள், காற்று போகும் பக்கமாக அடி, அடித்து முடித்ததும் குளி, காலி பாட்டிலைப் புதைத்துவிடு. நல்ல படம்தான். எறையூர் ரோட்டிலும் அதைச் சுற்றியும் உள்ள ஒன்பது ஊர்களில் எழுதச் சொல்லி உத்தரவு. நான் எழுதினேன். ஒன்பது சுவர், ஒன்பது ஆள், எல்லாருக்கும் ஒரே மீசை.

ஒன்பதாவது ஊரில், பால் சொசைட்டிச் சுவரில், கடைசிக் கட்டத்துக்கு வர்ணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். தனக்கோடி என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயசிருக்கும், வயலிலிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புருஷன் மருந்தடிக்கிற வேலைக்குப் போகிறவர், இவளும் கூடப் போகிறவள் என்று பேச்சில் தெரிந்தது. நாலு கட்டத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஆம்பளைங்களுக்கு நல்லா வெவரமா போட்டுருக்கீங்க மேடம். எங்க வூட்டுக்காரரக் கூட்டியாந்து காட்டுறேன்" என்றாள்.

நான் ஏணியிலிருந்தபடி "காட்டும்மா" என்று சிரித்தேன். 'ஆம்பளைங்களுக்கு' என்ற அந்தச் சொல் என் காதில் விழுந்தது. விழுந்து, அப்படியே வெளியே போய்விட்டது.

எட்டு நாள் கழித்து வேறு ஒரு வேலையாகப் பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் வார்டில் தனக்கோடி கிடந்தாள். வாயோரம் நுரை துடைத்த துணி, கை தானாக உதறிக்கொண்டிருந்தது, கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். பக்கத்தில் புருஷன் பச்சமுத்து. அவருக்கு ஒன்றும் இல்லை, திடமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மேடம், நீங்க எழுதுனபடியேதான் அடிச்சேன். துண்டு கட்டுனேன். காத்து பாத்து நின்னேன். எனக்கு ஒரு தும்மல்கூட வரல. இவ மருந்தே அடிக்கல மேடம். கலக்கிக் குடுத்தா, அவ்வளவுதான்."

பருத்திக் காட்டில் மருந்தடிப்பது இரண்டு பேர் வேலை. ஆண் டேங்கைச் சுமந்து அடிப்பான். பெண் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, பக்கெட்டில் மருந்தை ஊற்றி, கலக்கி, அவன் டேங்கில் ஊற்றுவாள். எதைக் கொண்டு கலக்குவாள்? கையைக் கொண்டு. கரைகிறதா, அடியில் தங்குகிறதா என்று விரலுக்குத்தான் தெரியும் என்பார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை அவன் எத்தனை டேங்க் அடிக்கிறானோ அத்தனை தடவை அவள் கை முழங்கை வரை அதற்குள் போய்வரும். பிறகு அதே கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சோற்றுத் தூக்கைத் திறப்பாள். தண்ணீரில் கலக்கியதற்கு அப்புறம் அவனுக்கு வருவது நீர்த்த மருந்து. அதற்கு முன்னால் பாட்டிலில் இருக்கும் அசல் சரக்கு அவளுக்கு. இது நம் மாவட்டத்தில் யாருக்கும் தெரியாத ரகசியமா? ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும். நான் ஏணி மேலிருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

படம் வேலை செய்தது. பச்சமுத்துவைக் காப்பாற்றியது. அவர் பெண்டாட்டியை அதே படம்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து வரைந்த யாரோ ஒருவருக்கு அவள் இருப்பது தெரியவில்லை, போகட்டும். எனக்கு என்ன கேடு? நானும் ஒரு பெண். ஒன்பது சுவரில், ஒன்பது தடவை, அவளை விட்டுவிட்டு வரைந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை, தணியவும் வேண்டாம்.

தனக்கோடி பிழைத்தாள். வீட்டுக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டையோடு அவளிடம் போனேன். ஒரு பெண் நீளக் குச்சியால் பக்கெட்டைக் கலக்குவது போல வரைந்திருந்தேன்.

"இதுல என்ன நடக்குது தனக்கோடி?"

உற்றுப் பார்த்தாள். "யாரோ டீச்சரு, சாம்பார் கிண்டுறாங்க."

எனக்குச் சிரிப்பும் ரோஷமும் ஒன்றாக வந்தன. "சரி, என்னா பண்ணா உங்கள மாதிரி தெரியும்?"

"சட்டை போடுங்கக்கா. இப்புடி மடிப்பு சேலையோட எவ காட்டுக்குப் போறா?"

அதுதான். நம் பக்கத்துப் பெண்கள் காட்டு வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். தலைக்கு ஒரு துண்டு. நான் அங்கேயே அட்டையில் சட்டை போட்டேன், துண்டு கட்டினேன், சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகினேன். கையில் பாலிதீன் பை சுற்றி மணிக்கட்டில் நூலால் கட்டியது போல வரைந்தேன். தெருவில் போன நாலைந்து பெண்களைத் தனக்கோடியே கூப்பிட்டுக் காட்டினாள். "அட, நம்மாளு மருந்து கலக்குறா. கைய வுடாம குச்சிய வுடுறா" என்று முதல் ஆளே சொல்லிவிட்டாள்.

மேலிடத்துக்கு எழுதிக் கேட்டால் பதில் வருவதற்குள் பருத்தி வெடித்துவிடும். யாரையும் கேட்காமல் ஒன்பது ஊர்களுக்கும் போனேன். அந்த ஆளுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் சட்டை போட்ட பெண்ணை எழுதினேன். நீளக் குச்சி, கையில் உறை, பக்கத்தில் சோப்பு. லீவு நாளில் போய் எழுதினேன். பாய் கூட வந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. ஊர்களில் பெண்கள் கூடிக் கூடிப் பார்த்தார்கள். குச்சி எவ்வளவு நீளம் வேண்டும், எந்தப் பை கிழியாது என்றெல்லாம் கேட்டார்கள். எட்டாவது ஊரில் ராசாம்பாள் என்ற அம்மா தன் மருமகள் சுமதியை இழுத்துவந்து சுவருக்கு முன்னால் நிறுத்தி, "பாத்துக்கடி, நாளையிலேர்ந்து இப்புடித்தான்" என்று அதட்டினார். அந்த மருமகள் வெட்கத்தோடு தலையாட்டினாள். எனக்கு அந்த வாரம் சாப்பாடு ருசித்தது.

சம்பந்தம் சார் ஆய்வுக்குப் போனார். வந்ததும் கூப்பிட்டார். கோபமே இல்லை.

"ஆரோக்கியமேரி, அப்ரூவ் ஆன படத்துல எத்தனை உருவம்?"

"ஒண்ணு சார்."

"சுவத்துல?"

"ரெண்டு சார்."

"அப்ப அந்த இன்னொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?"

"வயல்லேர்ந்து வந்துச்சு சார். அங்க ரெண்டு பேர்தான் வேலை செய்றாங்க."

அவர் ஸ்கேலை எடுத்து மேசையில் நேராக வைத்தார். "சேலைக்கு மேல ஆம்பளை சட்டை. பாக்க எப்படி இருக்கு? அரசாங்கச் சுவர்ல ஒரு பண்பாடு வேண்டாமா?"

தனக்கோடி ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன். கலக்குவது யார் என்று சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார், குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "மனு எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன். வர்ற வரைக்கும் சுவர் அப்ரூவ் ஆன மாதிரி இருக்கணும்" என்றார். சாயங்காலமே மெமோ வந்துவிட்டது. 'அனுமதியின்றி வரையப்பட்ட கூடுதல் உருவத்தை ஏழு நாட்களுக்குள் தங்கள் சொந்தப் பொறுப்பில் அழித்து அறிக்கை அளிக்கவும்.' கூடுதல் உருவம்! காட்டில் பாதி வேலை அவளுடையது, தாளில் அவள் கூடுதல். ஒரு மனுஷியை இப்படி நாலு எழுத்தில் துடைக்க அரசாங்கத் தமிழுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ வார்த்தை.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுத்தால் என்ன, சஸ்பெண்ட் செய்வார்கள். தூக்கிலா போடப் போகிறார்கள்? எனக்கு அப்போது மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்காரர் இல்லை. இந்தக் காரணங்களை அன்றைக்கு எனக்கு நானே நூறு தடவை சொல்லிக்கொண்டேன். சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு முதல் ஊருக்குப் போனேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டுச் சுவரில் அவளை நானே அழித்தேன். சட்டை, குச்சி, கையுறை, சோப்பு. சில ஊர்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள். ஏன் என்று கேட்டவர்களிடம் "ஆபீஸ் உத்தரவு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். பாய் அன்றைக்குக் கிட்டவே வரவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாவது ஊரில் சுவருக்கு முன்னால் தனக்கோடி நின்றாள். கை உதறல் இன்னும் இருந்தது. விஷயம் எப்படியோ முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. கூடவே ஏழெட்டுப் பெண்கள்.

"என்னையவா அழிக்கப் போறீங்க?"

"உத்தரவு தனக்கோடி. படத்துல ஒரு ஆள்தான் இருக்கணுமாம்."

"ஒரு ஆளுதானே இருக்கணும்?" என்றாள். "அந்தப் பிரஷ்ஷ இப்புடிக் குடுங்க."

வாங்கினாள். வாளியில் தோய்த்தாள். மீசைக்காரனை மீசையிலிருந்து ஆரம்பித்துப் பாதம் வரை வெள்ளையடித்துவிட்டாள். கை நடுக்கத்தில் சுண்ணாம்பு அவள் மேலெல்லாம் தெறித்தது. கூட்டத்தில் நின்ற பச்சமுத்து, "ஏன்டி, எனக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சே, அழி அழி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழித்த எட்டுச் சுவரும் அந்த நிமிஷத்துக்கு மறந்துபோயின.

அறிக்கையோடு ஒன்பது போட்டோ வைத்தேன். சம்பந்தம் சார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பதாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "உருவம் ஒண்ணுதான் சார் இருக்கு" என்றேன். பிறகு அந்தப் போட்டோவை மட்டும் கோப்பின் அடியில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் மனுவுக்கு மேலேயிருந்து பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. கொஞ்ச நாள் நான் அலுவலகத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன், ஏதோ ஜெயித்துவிட்டவள் மாதிரி.

அடுத்த பருத்திப் பருவத்தில் எட்டாவது ஊரிலிருந்து செய்தி வந்தது. மருந்து கலக்கிய ஒரு பெண் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டாள். பெயர் சுமதி. நானும் பாயும் போனோம். வீடு என் சுவருக்கு நேர் எதிரே. பந்தலைப் பிரித்திருந்தார்கள். வாசலில் ராசாம்பாள் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. அழவில்லை, அழுது முடித்திருந்தார்.

"குச்சி வெச்சிருந்தாளே அம்மா" என்றேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"வெச்சிருந்தா. போன வருசம் நீங்க எழுதுனபடி குச்சியிலதான் கலக்குனா, கையில பைய மாட்டிக்கிட்டு. நான் வுடல" என்றார். சுவரைக் காட்டினார். மீசைக்காரன் அப்படியே இருந்தான். பக்கத்தில் வெள்ளை.

"அப்புறம் நீங்களே வந்து அழிச்சிட்டுப் போனீங்க. நாங்க வெளக்கம் தெரியாத சனங்க. கவர்மெண்டே வந்து ஒண்ண அழிச்சா, அது தேவையில்லன்னுதானே அழிக்கும்? பொம்பளைக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு கண்டுபுடிச்சிட்டாங்க போலன்னு பேசிக்கிட்டோம். இந்த வருசம் நான்தான் சொன்னேன், 'அந்தக் குச்சியப் போட்டுட்டு வெரசா கையில கலக்குடி, நேரமாவுது'ன்னு."

நான் அழித்ததையும் அவர்கள் படித்திருக்கிறார்கள். நான் எழுதிய எதையும்விட அதைத்தான் முழுசாக நம்பியிருக்கிறார்கள்.

"இல்லைங்களா மேடம்? பொம்பளைக்கும் பண்ணுமா?" என்று கேட்டார் ராசாம்பாள். அது தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்வி. இன்னொரு மருமகள் உள்ளே இருந்தாள்.

"ஆமாம்மா, பண்ணும்" என்றேன். "அழிச்சதுதான் தப்பு."